கட்டில் காலில் தொங்கிய பெயர்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் சுக்கு மூட்டை அடுக்கும் ஒரு கிடங்கின் வாசலில் காளி மாமா காவல் இருக்கிறார். காலை எட்டு முதல் மாலை ஆறு வரை. கையில் கடிகாரம் கட்டுவதில்லை, செல்போனை மதிய சாப்பாட்டுப் பையிலேயே போட்டுவைத்திருப்பார். இருந்தும் அந்தத் தெருவில் சுமை இறக்குகிறவர்களுக்குப் பதினொரு மணி ஆகிவிட்டதென்று காட்டுவது அவர்தான்.

பதினொன்றானதும் ஸ்டூலிலிருந்து எழுவார். தெருவுக்கு முதுகைக் காட்டி நிற்பார். இரண்டு கைகளையும் லேசாகப் பின்னால் நீட்டுவார், யாரோ பின்னால் நின்று கோட்டு மாட்டிவிடுவதற்குத் தோதாக. ஒரு நொடிதான். தோள்கள் இரண்டும் பாரம் ஏறியதுபோல ஒரு விரற்கடை கீழே இறங்கும். அப்புறம் ஒன்றும் நடக்காததுபோல உட்கார்ந்துவிடுவார்.

"காளியேட்டன் கோட்டு இட்டு. வா, சாயா குடிக்காம்" என்று சுமைக்காரர்கள் கைவண்டியை ஓரங்கட்டுவார்கள்.

சித்திரை மாதத்தில் மட்டாஞ்சேரியில் கோட்டு. சட்டையே உடம்போடு ஒட்டிக்கொள்ளும் ஊர் இது. சிரிப்பதற்கு இதைவிட என்ன வேண்டும். நானும் சின்ன வயதில் அவருக்குப் பின்னால் நின்று கையைப் பின்னால் நீட்டிக் காட்டி மற்றப் பிள்ளைகளைச் சிரிக்கவைத்திருக்கிறேன். முனிசிபாலிட்டி குவார்ட்டர்ஸில் அவர் வீடும் எங்கள் வீடும் ஒரே சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய அம்மா அழகம்மாள், தெருக்கூட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. "வந்தவனே, சோறு வெச்சிருக்கேன்" என்பார். "வந்தவன் எங்க போனான்?" என்பார். செல்லப் பெயர் என்று நினைத்திருந்தேன்.

இந்த முறை நான் ஊருக்கு வந்தது லீவில் அல்ல. மஸ்கட்டில் பழைய கம்பெனி விசாவை முடித்துவிட்டது, புதிய கம்பெனியின் காகிதம் வரவேண்டும். வந்துவிடும் என்கிறார்கள். காலையில் கண் விழித்ததும் போனில் அதைத்தான் தேடுவேன், ராத்திரி படுப்பதற்கு முன்பும். அப்படி உட்கார்ந்திருந்த ஒரு காலையில் காளி மாமாவின் மகள் சோனியா ஒரு பிளாஸ்டிக் கவரை என் மடியில் போட்டாள். எர்ணாகுளம் பிராட்வேயில் ஒரு ஜவுளிக்கடையில் நிற்கிறவள், வாய் சும்மா இருக்காது.

"நீயும் காகிதத்துக்குத்தானே காத்துக்கெடக்கே, அஞ்சனாக்கா. இதையும் சேர்த்துப் பாரு. எங்கப்பனுக்கு இங்கிலீஷ்ல 'நோ' மட்டும்தான் தெரியும். அதையே நாலு தடவ எழுதி அனுப்பிட்டாங்க."

கவருக்குள் நான்கு பதில்கள் இருந்தன. நான்கிலும் ஒரே விஷயம். முன்னாள் சிப்பாய் காளி, 1994-ஆம் வருஷம் காஷ்மீரில் பனிச்சரிவில் காயம்பட்டதாகச் சொல்கிறார். வலது காது போனதாகவும் வலது காலில் மூன்று விரல்களை எடுத்ததாகவும் சொல்கிறார். ஆனால் அவருடைய மருத்துவக் காகிதங்கள் வைத்திருக்க வேண்டிய வருஷக்கணக்கு முடிந்து அழிக்கப்பட்டுவிட்டன. எஞ்சியிருக்கும் பெயர்ப் பட்டியலில், அந்த வருஷம் காளி என்ற சிப்பாய் எந்த ராணுவ ஆஸ்பத்திரியிலும் சேர்க்கப்படவில்லை. 1996-இல் சொந்த விருப்பத்தில் விலகியிருக்கிறார். ஆகவே ஊனத்துக்கான ஓய்வூதியமும் ராணுவ ஆஸ்பத்திரிச் சிகிச்சையும் தர இயலாது.

கடைசியாக ஒரு தாள். மேல்முறையீடு ஏற்கப்பட்டிருக்கிறது, இரண்டு மாதம் கழித்து மருத்துவ போர்டின் முன் வரவேண்டும், அந்தக் காலத்து ஆஸ்பத்திரிச் சான்று ஒன்றாவது கொண்டுவர வேண்டும். இனி மேல்முறையீடு கிடையாது.

"காலு கறுத்துக்கிட்டு வருது அக்கா" என்றாள் சோனியா. இப்போது குரலில் கேலி இல்லை. "மிச்ச ரெண்டு விரலும் போயிடும்னு டாக்டர் சொல்லுறாரு. நேரத்துக்குப் பார்க்கலேன்னா பாதமும். அப்புறம் எந்த கேட்டுல போயி நிப்பாரு?"

*

காக்கநாட்டில் முன்னாள் படைவீரர்களுக்கு மனு எழுத உதவும் அலுவலகம் இருக்கிறது. அங்கே ஹரிநாராயணன் என்று ஒருவர், பாலக்காட்டுக்காரர், விமானப்படையில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் மூவரும் போனோம். காளி மாமாவின் இடது பக்கம் நான் உட்கார்ந்தேன். யார் பேசினாலும் அதை அவருடைய இடது காதில் திரும்பச் சொல்ல வேண்டும். வலது பக்கத்தில் பட்டாசு வெடித்தாலும் தெரியாது.

ஹரிநாராயணன் நான்கு கடிதங்களையும் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"காலப் பார்த்தா தெரியறது, காதும் தெரியறது. ஆனா இது ரெண்டும் காகிதமில்லையே ஓய். சொந்த விருப்பம்னு ஏன் ஒப்பு போட்டீர்?"

"அப்படிப் போட்டா சீக்கிரம் ஊருக்குப் போலாம்னு ஒருத்தர் சொன்னாரு சார்" என்றார் காளி மாமா.

"சீக்கிரம் வந்தீர். முப்பது வருஷமா வந்துண்டே இருக்கீர்." சிரித்துவிட்டு, உடனே சிரித்ததற்கு வருந்தியவர்போல எங்களுக்குச் சாயா சொன்னார். "ஒரு வழி உண்டு. அந்த ஆஸ்பத்திரி ரெஜிஸ்டரை எரிக்கறதுக்கு முன்னாடி ஃபிலிம்ல ஏத்தியிருக்கா. ஆனா சேர்க்கை நம்பர் வேணும், கேட்டேளா? நம்பர் இல்லேன்னா லட்சம் பக்கத்துல யார் தேடுவா? ஒரு சீட்டு, ஒரு கவர், வீட்டுக்குப் போட்ட ஒரு கார்டு, ஏதாவது இருக்கா?"

நான் இடது காதில் சொன்னேன். காளி மாமா இல்லை என்று தலையசைத்தார். அசைத்தபோது அவர் பார்வை என்மேலும் இல்லை, ஹரிநாராயணன்மேலும் இல்லை. வலது தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே சுவர் இருந்தது.

திரும்பும்போது எர்ணாகுளத்திலிருந்து போட்டில் ஏறினோம். மழைக்கு முந்திய மூட்டம், காயல் ஈயத் தகடுபோல அசையாமல் கிடந்தது. சோனியா வேலைக்குப் போய்விட்டாள். நடு வழியில் காளி மாமா சொன்னார்:

"நம்பர் உண்டு மோளே. நான் பொய் சொன்னேன். களமசேரியில ஒருத்தி கையில இருக்கு."

*

அவர் சொன்னதை அவர் சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன்.

மலை உச்சியில் ஆறு பேர் இருந்த ஒரு காவல் முனை. வெளியே நிற்கும் சென்ட்ரிக்கு ஒரே ஒரு கனத்த கோட்டு, உள்ளே ஆட்டுத்தோல் வைத்தது. ஆறு பேருக்கும் அது ஒன்றுதான். அந்த முனையில் ஒரு வழக்கம் இருந்தது, யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது. கோட்டு ஆறக் கூடாது. காவல் முடிந்தவன் அதைக் கழற்றி விரித்துப் பிடிக்க வேண்டும். அடுத்தவன் முதுகைக் காட்டி நின்று, இரண்டு கையையும் ஒரே வீச்சில் உள்ளே விட வேண்டும். முந்தியவனின் உடம்புச் சூடு வெளியே போகாமல் அப்படியே இவனுக்கு வந்துவிடும். பனிக்காலம் முழுக்க அந்தக் கோட்டு ஒரு தடவைகூடச் சில்லிட்டதில்லை.

"செத்தவன் உடம்பு ஆறும். அது ஆறாது" என்றார்.

மாற்றும்போது பைகளைக் காலி செய்துவிட வேண்டும் என்பதும் வழக்கம்தான். பிப்ரவரி மாதம், காலை பதினொரு மணி. காவல் முடிந்து கோட்டைக் கழற்றியவன் மாரிச்செல்வம், சங்கரன்கோவில் பக்கத்துக்காரன். அடுத்து நிற்க வந்தது காளி. இருவருக்கும் இருபத்து நாலு வயது, தமிழ் பேசுகிறவர்கள் அந்த முனையில் இவர்கள் மட்டும்தான். மாரிச்செல்வத்தின் விரல்கள் மரத்துப்போயிருந்தன. பையிலிருந்த தன் அடையாளப் புத்தகத்தை எடுக்க மறந்துவிட்டான்.

"'காளி, கோட்டு'ன்னான். திரும்பி நின்னேன். மாட்டிவிட்டான். அவன் சூடு என் முதுகுல ஏறிச்சு. அவன் பங்கருக்கு நடந்து போற சத்தம். பனியில காலு வெச்சா நொறுக்கு நொறுக்குன்னு கேக்கும். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. அஞ்சாவது கேக்கல. மலை வந்துடுச்சு."

தோண்டி எடுத்தபோது காளிக்கு நினைவில்லை. கோட்டுதான் உயிரை வைத்திருந்தது. கோட்டுப் பையில் இருந்த புத்தகத்தைப் பார்த்து ஆளை ஹெலிகாப்டரில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரியில் சேர்ந்தது மாரிச்செல்வம். காணாமல்போனது காளி.

நினைவு வந்தபோது வலது காதில் ஒன்றும் கேட்கவில்லை, கால் கட்டுக்குள் இருந்தது. கட்டிலின் கால்மாட்டில் ஒரு அட்டை தொங்கியது. அதில் பெரிய எழுத்தில் மாரிச்செல்வம் என்று இருந்தது.

"உடனே சொல்லியிருக்கணும்ல மாமா?"

"சொல்லல." காயலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அந்த அட்டை தொங்குற வரைக்கும் அவன் சாகல. நான் வாயைத் தொறந்தா செத்துடுவான். இன்னைக்கு ஒரு நாள் இருக்கட்டும்னு நெனச்சேன். அடுத்த நாளும் அப்படியே நெனச்சேன். பதினோரு நாள் வெச்சிருந்தேன் மோளே, ஒருத்தன உயிரோட."

பன்னிரண்டாம் நாள் சொன்னபோது தலையில் அடிபட்டவன் உளறுகிறான் என்றார்கள். யூனிட்டிலிருந்து ஆள் வந்து அடையாளம் சொன்ன பிறகு ராணுவம் தன் கணக்கைத் திருத்திக்கொண்டது. ஆஸ்பத்திரியின் ரெஜிஸ்டரை யாரும் திருத்தவில்லை. இதற்குள் இரண்டு வீடுகளுக்கும் காகிதம் போய்விட்டிருந்தது. மட்டாஞ்சேரிக்குத் தந்தி: உங்கள் மகன் காளியைக் காணவில்லை, இறந்திருக்கலாம். சங்கரன்கோவிலுக்கு ஆஸ்பத்திரி முத்திரை போட்ட கடிதம்: உங்கள் மகன் மாரிச்செல்வம் இங்கே சேர்க்கப்பட்டிருக்கிறார், வலது காது, வலது காலில் மூன்று விரல், நன்றாகத் தேறிவருகிறார். மூலையில் சேர்க்கை நம்பர்.

அழகம்மாள் மகனுக்குப் பதினாறாம் நாள் காரியம் செய்து முடித்துவிட்டார். பிறகு மகன் நொண்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றான். காரியம் முடிந்த பெயரை மறுபடி சொல்லிக் கூப்பிட்டால், போனது திரும்பி வந்து ஆளைக் கேட்கும் என்று அந்த அம்மா பயந்தார். அன்றிலிருந்து அவன் வந்தவன்.

"தொண்ணூத்தொம்பதுல அவன் தங்கச்சி எங்க வீட்டுக்கு வந்தா, கற்பகம். இராணுவம் செத்துட்டான்னு எழுதினதை அவங்க வீட்டுல நம்பல. ஆஸ்பத்திரிக் கடுதாசியத்தான் நம்பினாங்க. அண்ணன் லெட்டர்ல காளி வீடு கொச்சியில இன்ன எடம்னு எழுதியிருந்தானாம், அங்க வந்திருப்பானோன்னு கேட்டு வந்திருக்கா. நான் உள்ள கட்டிலுக்கு மறுபக்கம் ஒக்காந்திருந்தேன். அம்மா வாசல்ல நின்னு, 'காளியா? அவனுக்குக் காரியம் முடிஞ்சு அஞ்சு வருஷமாச்சே'ன்னா. நான் எந்திரிக்கல."

கற்பகம் திரும்பிப் போகவில்லை. களமசேரியில் ஒரு கம்பெனி கேட்டுக்கு எதிரே இட்லி வைத்து விற்க ஆரம்பித்தாள். பிறகு ஒரு தடவை வந்து, அண்ணனைப் பற்றி ஏதாவது தெரிந்தால் அங்கே சொல்லியனுப்பும்படி அழகம்மாளிடம் சொல்லிவிட்டுப் போனாளாம். இருபத்தாறு வருஷம். போட்டும் பஸ்ஸும் ஏறினால் ஒன்றரை மணி நேரம், இப்போது மெட்ரோவில் இன்னும் குறைவு.

"அந்தக் காது செத்த காதுன்னு டாக்டர் சொன்னாரு" என்றார், போட்டு கரையை இடிக்கும்போது. "அதுல தினமும் கேக்குது. நொறுக்கு நொறுக்குன்னு நடந்து வரும். நாலு எட்டு. என் முதுகுக்குப் பின்னால வந்து நிக்கும். 'காளி, கோட்டு'ன்னு கேக்கும். கையக் கொடுக்காம இருந்து பார்த்தேன் ஒரு நாள். அன்னைக்கு முழுக்க அது அங்கேயே நின்னுச்சு."

*

போகலாம் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். காகிதம் ஒன்று இல்லாமல் மனிதன் என்ன ஆவான் என்ற பயம் எனக்கு அப்போது வேறு எதைவிடவும் பெரிதாக இருந்தது.

மழை ஓய்ந்த ஒரு மத்தியானம். கம்பெனி கேட்டுக்கு எதிரே தார்ப்பாய்க் கடை, அதற்குப் பின்னால் ஒரே அறை வீடு. வாசலில் காளி மாமா செருப்பைக் கழற்றினார். வலது செருப்பின் நுனியில் எப்போதும் துணி அடைத்திருக்கும், அது வாசலிலேயே நின்றது. எனக்கு முன்னால் அவர் உள்ளே காலெடுத்து வைத்தார். நான் சுவரைப் பார்த்துவிட்டேன்.

ஸ்டூடியோவில் எடுத்த படம், இரண்டு இளைஞர்கள் ராணுவ உடுப்பில், தோளில் தோள் இடித்து நிற்கிறார்கள். இடது பக்கத்து முகத்துக்கு மட்டும் சந்தனப் பொட்டு. சட்டத்தின் அந்தப் பாதிக்கு மட்டும் பிளாஸ்டிக் மாலை. அந்த முகத்தின் காதும் மூக்கும் எனக்குப் பழக்கமானவை. சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து முப்பது வருஷமாகப் பார்த்துவரும் முகம்.

கற்பகம் தரையில் உட்கார்ந்து உளுந்து களைந்துகொண்டிருந்தாள். நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு இருக்கும். நிமிரவில்லை. அவள் கண் காளி மாமாவின் வலது பாதத்தில் நின்றது. கை பாத்திரத்துக்குள்ளேயே இருந்தது.

"வந்துட்டியாண்ணே" என்றாள் பாதத்திடம்.

பிறகு மெல்ல மேலே பார்த்தாள். முழங்கால், இடுப்பு, சட்டை, முகம். அவள் முகத்தில் என்ன நடந்தது என்று என்னால் எழுத முடியவில்லை. திரும்பிச் சுவரைப் பார்த்தாள், மறுபடி அவரைப் பார்த்தாள்.

"நீங்க செத்துல்லா போனீங்க?"

நான் இடது காதில் சொல்வதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது. "அம்மா அப்படித்தான் சொன்னா. அன்னைக்கு நான் உள்ளதான் இருந்தேன்."

"அப்ப இந்தக் காலு?"

"என்னோடது."

"கடுதாசில இருக்க காது?"

"அதும் என்னோடது. பேரு மட்டுந்தான் அவனோடது."

கற்பகம் பாத்திரத்திலிருந்து கையை எடுத்தாள். உளுந்துத் தொலி ஒட்டிய கையை முந்தானையில் துடைத்தாள், காய்ந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தாள். "பஸ்ஸுல ஏறுனா ஆம்பளையாளு முகத்தப் பாக்க மாட்டேன், சோத்துக் காலத்தான் பாப்பேன். இந்த கேட்டுல மூணு ஷிப்டும் போற காலு பூரா எனக்குத் தெரியும். திருட்டுமுழி முழிக்கான்னு ஒருத்தன் என்னிய அடிக்கக்கூட வந்திருக்கான்." அவளே லேசாகச் சிரித்தாள். "சொல்லுங்க. எங்கண்ணன் என்ன ஆனான்?"

அவர் சொன்னார். போட்டில் எனக்குச் சொன்ன அதே வார்த்தைகள். கோட்டு, விரல், நான்கு எட்டு. அட்டையையும் மறைக்கவில்லை, பதினொரு நாளையும் மறைக்கவில்லை. கட்டிலுக்கு மறுபக்கம் உட்கார்ந்திருந்ததையும் சொன்னார். கற்பகம் எழுந்து வந்து அவருடைய வலது பக்கம் உட்கார்ந்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு, முகத்தை அதில் புதைத்துக்கொண்டாள். வெளியே லாரி ஒன்று பின்னால் எடுக்கும் சத்தம். அது நின்றதும் அறையில் சத்தமே இல்லை.

அந்த அமைதியில் காளி மாமா வலது பக்கம் தலையைச் சாய்த்துச் சொன்னார்: "இல்ல, எனக்குக் குளிரல. கோட்டு என்கிட்டதானே இருக்கு."

யாரோ கேட்டதற்குப் பதில் அது. நான் இடது பக்கம் இருந்தேன், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கற்பகம்தான் முணுமுணுத்திருப்பாள் என்று நினைத்தேன். பிறகு அவள் எழுந்து கடைக்குப் போனபோது பின்னாலேயே போய்த் தனியாகக் கேட்டேன். "நான் வாயே தொறக்கலயே தாயி" என்றாள். "நீங்க ஏதோ கேட்டியன்னுல்லா நெனச்சேன்?"

அறைக்குத் திரும்பி, இட்லித் தட்டுகளுக்குக் கீழே இருந்த ஒரு டிபன் பாக்ஸை எடுத்தாள். அதற்குள் பாலிதீன், அதற்குள் துணி, அதற்குள் அந்தக் கடிதம். மடிப்புகளில் செல்லோ டேப் மஞ்சளாகிப்போயிருந்தது. நீலப் பேனாவில் நிரப்பிய வரிகள், மூலையில் ஐந்து இலக்க நம்பர். நான் கையை நீட்டினேன். அவள் தரவில்லை.

"இதக் குடுத்துட்டா, நாளையிலேந்து நான் யாரத் தேடுவேன்?"

காளி மாமாவின் காதில் அதைத் திரும்பச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சுவரைப் பிடித்து எழுந்தார்.

"குடுக்க வேண்டாம் தங்கச்சி. எனக்கு இந்தக் கால் போனாப் போட்டும். நான் பதினோரு நாள் வெச்சிருந்தேன். நீ முப்பத்தொரு வருஷம் வெச்சிருக்கே. என்னைவிட உனக்குத்தான் பாத்தியதை."

வாசலில் செருப்பைத் தேடிக் குனிந்தார். குனிய முடியவில்லை, கறுத்த பாதம் படியில் தடுமாறியது. கற்பகம் அதைப் பார்த்தாள். வந்து துணி அடைத்த செருப்பை எடுத்து அவர் காலில் மாட்டிவிட்டாள். மாட்டிவிட்டுக் கடிதத்தை என் கையில் வைத்தாள்.

"காலு வந்துட்டு, ஆளு வரல" என்றாள். "போர்டுல போயி, எங்கண்ணன் பேரச் சொல்லி, செத்தத உங்க வாயால சொல்லணும். நானும் கூட வருவேன். கேக்கணும் எனக்கு."

நாங்கள் கிளம்பும்போது படத்திலிருந்த சந்தனப் பொட்டை ஈர விரலால் துடைத்துக்கொண்டிருந்தாள். மாலையையும் எடுத்துவிட்டாள். இன்னொரு முகத்தில் ஒன்றும் வைக்கவில்லை.

*

நம்பரை அனுப்பி இருபத்து மூன்றாம் நாள் ஃபிலிமிலிருந்து எடுத்த நகல் வந்தது. ஹரிநாராயணன் போனிலேயே படித்துக் காட்டினார். பெயர் மாரிச்செல்வம். நாற்பத்தொரு நாள் சிகிச்சை. அடையாளக் குறிகள் என்ற வரியில் வலது முன்கையில் பச்சை குத்தியது, சூலமும் அதன் கீழே தாய்மொழியில் ஒரு பெயரும்.

"அந்தப் பேர் என்னன்னு அவாளுக்குப் படிக்கத் தெரியலை. அப்படியே வரைஞ்சு வெச்சிருக்கா. வரைஞ்சவன் கையத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கணும் ஓய்."

காளி மாமாவின் வலது முன்கையில் சூலம் இருக்கிறது. அதன் கீழே அழகம்மாள் என்று தமிழில், ழ-வைச் சற்றுக் கோணலாகக் குத்தியிருக்கிறார்கள். நகலிலும் அந்த எழுத்து கோணலாகவே இருந்தது.

போர்டில் மூன்று டாக்டர்கள். என்னையும் கற்பகத்தையும் கதவோரம் உட்கார அனுமதித்தார்கள். நகலையும் கையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். நடுவில் இருந்தவர் மலையாளத்தில் கேட்டார், இதில் மாரிச்செல்வம் என்று இருப்பது நீங்கள்தானா என்று. நான் எழுந்து வந்து இடது காதில் சொன்னேன்.

"அல்ல சார்" என்றார் காளி மாமா. "கட்டில்ல கிடந்தது நான், காளி. மாரிச்செல்வம் அன்னைக்குக் காலையில பதினோரு மணிக்குப் பனியில போயிட்டான். செத்துட்டான். அவன் காலடி நின்னது எனக்குக் கேட்டுச்சு."

கற்பகம் அழவில்லை. ஒரு தடவை தலையை ஆட்டினாள், கணக்கு சரியாக இருக்கிறது என்று சொல்கிறவளைப்போல.

உத்தரவு வந்தது நான் மஸ்கட்டுக்குத் திரும்பிய பிறகு. சோனியா அதைப் படமெடுத்து அனுப்பினாள். காளி, மருத்துவமனைப் பதிவில் மாரிச்செல்வம் எனக் குறிப்பிடப்பட்டவர், என்று முதல் வரி. ஊனம் பணியால் ஏற்பட்டது என்று ஒப்புக்கொண்டிருந்தார்கள். இரண்டு விரல்களை எடுத்தாயிற்று, பாதம் தப்பியது. கீழே சோனியா எழுதியிருந்தாள்: "அப்பன் கேட்டுல சும்மா ஒக்காந்திருக்காரு. பதினோரு மணி எப்போன்னு தெரியாம சுமைக்காரங்க சாயா குடிக்கல."

போர்டு நாளில் நடந்த ஒன்று பாக்கி இருக்கிறது. டாக்டர்கள் முன்னால் அவர் அதைச் சொல்லி முடித்த பிறகு, காது சோதனை. கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் அவரை உட்காரவைத்து, காதில் கருவியை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும், வெளியே இருக்கும் கருவியில் விளக்கு எரியும். வெளியே சோதனை செய்கிற பெண் தாளில் குறித்துக்கொண்டிருந்தாள். நான் அவள் பக்கத்தில் நின்றேன். இடது காது முடிந்தது. வலது காதுக்கு ஒவ்வொரு சத்தமாக ஏற்றினாள், உச்சம் வரைக்கும். காளி மாமா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். விரல் அசையவில்லை.

"இந்தக் காது முழுக்கப் போயிடுச்சு" என்று சொல்லிவிட்டு அவள் கருவியை நிறுத்தினாள்.

அப்போது விளக்கு எரிந்தது. அவர் பொத்தானை அமுக்கினார். சற்று நேரம் கழித்து மறுபடி. பிறகு மறுபடி. ஒரே இடைவெளி, ஆள் நிதானமாகக் கால் வைப்பதுபோல. அவள் கருவியைத் தட்டிப் பார்த்தாள், ஒயரைப் பிடுங்கிச் செருகினாள். நான்காவது தடவை எரிந்தது. நான் அவள் தாளை எட்டிப் பார்த்தேன். கேட்கும் காது என்று எழுதிவிடுவாளோ என்ற பயம் ஒரு பக்கம், அதைவிட மோசமான ஏதோ ஒன்று இன்னொரு பக்கம். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று. அவர் எழுந்து முதுகைக் காட்டப்போகிறார் என்று காத்திருந்தேன்.

அவர் எழவில்லை. ஐந்தாவது தடவை விளக்கு எரிந்தது.

ஐந்து.

பிறகு ஆறு, ஏழு. நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். ஒவ்வொரு தடவையும் விரல் முன்பைவிட லேசாக அமுங்கியது, கடைசியில் பொத்தான்மேல் சும்மா கிடந்தது.

அந்தப் பெண் கதவைத் திறந்து அவர் காதிலிருந்து கருவியை எடுத்தாள். "நான் சத்தமே வெக்கலயே சேட்டா. எந்தா கேட்டது?"

இடது காதில் நான் கேட்டேன்.

"நடந்து போறான்" என்றார் காளி மாமா.